ஏழாம் நம்பர் கேசட்

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

என் நம்பரை நீ உன் போனில் முடக்கி வைத்திருப்பது தெரியும். அதனால் கடிதம். உன் மகள் கல்யாணத்தோடு நமக்குள் பேச்சு நின்றுபோனது. அதைக் கிளற நான் வரவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும், அவ்வளவுதான்.

உன் வீட்டுப் பரணில் நம் கேசட் பெட்டி இருக்கிறது. நம் சின்ன வயசில் மாடி ரூமில் குடியிருந்த கப்பல்காரர் காலி செய்தபோது விட்டுப்போனதே, அந்த அட்டைப்பெட்டி. பதினொரு கேசட். எதிலும் பெயர் கிடையாது, அவர் கையெழுத்தில் நம்பர் மட்டும் இருக்கும். ஏழாம் நம்பர் எனக்கு வேண்டும். இருமல் கோஷ்டி என்று நாம் பெயர் வைத்தோமே, அது. மற்ற பத்தையும் நீயே வைத்துக்கொள்.

துணியில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு. ஏப்ரல் 24-க்கு முன்னால் என் கைக்கு வரவேண்டும். ஏன் என்று கேட்காதே.

தம்பி


மார்ச் 2

மகாராஜாவுக்கு,

உத்தரவு கிடைத்தது. ஒன்றரை வருஷம் கழித்து வந்த கடிதத்தில் "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இல்லை. துணியில் சுற்ற வேண்டுமாம். பட்டுத்துணியா, பருத்தியா என்றும் எழுதியிருக்கலாம்.

நான் ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நானூறு போன் எடுக்கிறவள். ஊரில் இருக்கிறவன் எல்லாம் என் குரலைக் கேட்கிறான். என் கூடப்பிறந்தவன் மட்டும் நான் போன் அடித்தால் எடுக்கமாட்டான். கல்யாணம் முடிந்த வாரம் நாலு தடவை அடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் அடித்தேன், தெரியுமா? நாலாவது தடவையும் நீ எடுக்கவில்லை என்றதும் தலைமுழுகிவிட்டேன். நம்பரை முடக்கினேன்.

நடந்ததை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சம்பந்தி உன்னிடம் வந்து, "நீங்கதான் பொண்ணோட மாமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். போட்டோவுக்குக் கூப்பிட்டால் வாசல் பக்கம் போனாய். என் மகள் முதல் நாளே புகுந்த வீட்டில், "உங்க மாமா கொஞ்சம் கர்வக்காரரோ?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டாள். பிறகு நான் கத்தியது தப்புதான். ஆனால் சாப்பிடாமல்கூடக் கிளம்பினாயே, அதற்கு என்ன பெயர்?

இப்போது கேசட் வேண்டுமாம். இந்த நாற்பத்தேழு வயசில் உனக்கு என்ன திடீரென்று இங்கிலீஷ்காரன் ஹெவி மெட்டல்? முதலில் காரணத்தைச் சொல். கேசட் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

சம்பந்தி மூன்று தடவை கேட்டாரா? எனக்கு ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. அவர் என் வலது பக்கம் நின்றிருக்க வேண்டும். வலது காது போய் ஆறு வருஷம் ஆகிறது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. லாரி போனால் கேட்கும். குருவி, காலிங்பெல், பெண்கள் குரல் எதுவும் கேட்காது. உன் போனை எடுக்காததும் அதனால்தான். எடுத்திருந்தால் "என்ன, என்ன" என்று மட்டும் சொல்லியிருப்பேன். உனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

ஆனால் நீ வாசலில் வந்து முகத்துக்கு நேரே கத்தியது மட்டும் நன்றாகப் புரிந்தது. "காது என்ன செவிடாடா உனக்கு?" ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 24 எனக்கு ஆபரேஷன். காதுக்குள் கருவி வைக்கப்போகிறார்கள். வலது பக்கம் நரம்பே செத்துவிட்டதாம், அங்கே வைத்துப் பயனில்லை. இடது பக்கம்தான் வைக்கவேண்டும். வைத்தால் பேச்சு புரியும், பழகினால் போன்கூடப் பேசலாம் என்கிறார் டாக்டர். ஆனால் இப்போது மிச்சம் இருப்பது போய்விடும் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்பதெல்லாம் கருவி கொடுக்கிற சத்தம். பாட்டு அதில் பாட்டு மாதிரி இருக்காதாம்.

அதனால் என் சொந்தக் காதால் கடைசியாக ஒரு பாட்டு கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஏழாம் நம்பரில் முதல் பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று பேஸ் கிதார் மட்டும் ஒத்தையாகப் போகும். அதில் கம்பி உரசுகிற ஒரு சின்னச் சத்தம் வரும். அந்த உரசலுக்காகப் பிளேயர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கிடந்தவன் நான். காகித ஆலையில் சேர்ந்த முதல் வாரம், ஓடுகிற ரோலரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்தி, இந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதே உரசல்தான் அங்கேயும் இருந்தது. இருபத்தைந்து வருஷம் அதில்தான் சோறு தின்றேன்.

ஆலையில் என் காது விஷயம் யாருக்கும் தெரியாது. காதை வைத்துப் பிழைக்கிற ஃபிட்டருக்குக் காது இல்லை என்றால் வேலை போய்விடும். வாயைத் திறக்காதே. கேசட்டை அனுப்பு.

தம்பி


மார்ச் 10

தம்பி,

கடிதத்தை எக்ஸ்சேஞ்சில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எலும்பு முறிவு வார்டு கேட்டவரைப் பிரசவ வார்டுக்கு இணைத்துவிட்டேன். அவர் அங்கே யாருக்கோ வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆறு வருஷமா? ஆறு வருஷம் என்னிடம் சொல்லாமல் இருந்தாயா? உன்மேல் கோபப்படவா, என்மேல் கோபப்படவா என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை நான் எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

இதற்குமேல் ஒன்று சொல்லவேண்டும். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், மழுப்பினேன். கேசட் பெட்டி இல்லை. நீ போனை எடுக்காத அந்த வாரம், கோபத்தில் பரணில் ஏறி அதைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பதினொன்றும் போய்விட்டது. பெட்டியோடு கிடந்த கேசட் பிளேயரை மட்டும் அவர் எடுக்கவில்லை. "பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக், இத யாரு பிரிக்கிறது?" என்றார். அது பரணிலேயே கிடக்கிறது.

பேப்பர்காரரை நேற்றுத் தேடிப் போனேன். அவர் கடையை மூடி வேறு ஊருக்குப் போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரர், "கேசட்டா? அதெல்லாம் உருக்கிருப்பாங்கம்மா" என்றார்.

திட்டிவிடு. ஆனால் எழுதாமல் இருக்காதே.

அக்கா


மார்ச் 14

உருக்கிவிட்டாய். சரி.

ஆபரேஷன் பாரத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. மிச்சம் இருக்கிற லாரிச் சத்தமாவது என்னுடையதாக இருக்கட்டும். இனி எழுதவேண்டாம்.


மார்ச் 25

தம்பி,

எழுதவேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? சின்ன வயசிலிருந்து நீ சொன்ன எதை நான் கேட்டிருக்கிறேன்?

கேசட் போனாலும் அதில் இருந்த பாட்டு உலகத்தில் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? கப்பல்காரர் இங்கிலாந்துத் துறைமுகங்களில் வாங்கிய ரெக்கார்டுகளிலிருந்து எடுத்ததுதானே அதெல்லாம்? தேட ஆரம்பித்தேன். முதல் முட்டுக்கட்டை பெயர். நாம் வைத்த பெயர்களை இன்டர்நெட்டில் போட்டால் என்ன வரும்? "இருமல்" என்று போட்டேன், நாற்பது வகை சிரப் வந்தது. பாட்டை வைத்துப் பெயர் கண்டுபிடிக்கிற ஆப் ஒன்றை என் மகள் போட்டுக் கொடுத்தாள். அதில் நானே வாயால் முனகிக் காட்டினேன். குழந்தை சோப்பு விளம்பரம் என்று சொல்லிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தெருவுக்கு ஒரு ஹெவி மெட்டல் கோஷ்டி இருந்திருக்கிறது. வெல்டர், தபால்காரர், வேலை கிடைக்காதவர் என்று நாலு பேர் சேருவார்கள். கையில் இருப்பதைப் போட்டு முந்நூறு, ஐந்நூறு ரெக்கார்டு அடிப்பார்கள். உறையைத் தாங்களே மடித்து ஒட்டுவார்கள். ஒரு வேனில் போட்டு விற்பார்கள். அத்தோடு காணாமல் போய்விடுவார்கள். பெரிய கோஷ்டிகளின் பெயர் எல்லாருக்கும் தெரியும். இவர்கள் பெயரை இவர்கள் வீட்டுக்காரர்களே மறந்திருப்பார்கள். தினமும் ட்யூட்டி முடிந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபது கோஷ்டி கேட்கிறேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, பிடித்துவிட்டது. ஒரு கோஷ்டியில் டிரம் அடிப்பவர் ஒவ்வொரு பாட்டிலும் மற்றவர்களுக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி. அவர்களுக்கு "கடைசி பஸ்" என்று பெயர் வைத்தேன். நம் பல்வலி கோஷ்டி கிடைத்துவிட்டது என்றுகூட நினைக்கிறேன். அதே அலறல். ஆனால் என்னவோ இடிக்கிறது, நாம் கேட்டதைவிட இங்கே அவர் சந்தோஷமாக அலறுகிறார்.

இந்த மாதிரி மறந்துபோன கோஷ்டிகளாகவே நாலாயிரம் சேர்த்து வைத்திருக்கிற ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். ரிட்டயர் ஆன மனிதர். அவருக்கு நான் வைத்த பெயர் பட்டியல்காரர். என் எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷில் அவருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. பாட்டின் அடையாளங்கள் எல்லாவற்றையும் கேட்கிறார். எனக்கு ஞாபகம் இருப்பது இருமல் மட்டும்தான். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எழுது. என்மேல் கோபம் இருந்தால் அது தனியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா


மார்ச் 30

ஆரம்பத்தில் ஆலைச் சங்கு ஊதும். நிஜச் சங்கு. அது அடங்கும்போது பாடுகிறவர் இருமுவார், இரண்டு தடவை. அதை வெட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள். பாடுகிறவருக்கு ராட்சசக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு பேஸ் மட்டும், பதினாறு எண்ணிக்கை. மொத்தப் பாட்டு ஆறு நிமிடம் பத்து நொடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன். இதில் நான் தப்புப் பண்ணமாட்டேன்.

இதை உன் பட்டியல்காரருக்காக எழுதினேன். உனக்காக இல்லை.

இன்னொன்று. இதையும் யாரிடமாவது சொல்லவேண்டும், உன்னைவிட்டால் ஆள் இல்லை. போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் மெஷினில் சூப்பர்வைசர் ஒரு பேரிங்கைக் காட்டி, "கேட்டுச் சொல்லுங்க" என்றார். வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷமாகவே விரல் நுனியில் வருகிற அதிர்வை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நல்லாதான் இருக்கு, இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்றேன். அடுத்த நாள் மதியம் அது இறுகிப்போனது. ரோலர் தண்டு முறிந்தது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் கையை இழுத்துக்கொண்டதால் தப்பித்தார். முழங்கையில் ஏழு தையல். அரை நொடி தாமதித்திருந்தால் கையே போயிருக்கும்.

சூப்பர்வைசர் என்னைக் குறை சொல்லவில்லை. "உங்க காதுக்கே தெரியலன்னா அது திடீர்னு போனதுதான்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த ஆபரேட்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு கையால்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

முதலில் அந்த விஷயம். நீ போய்ச் சொல்லியே ஆகவேண்டும். இன்றைக்கே. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். உங்கள் ஆலை எக்ஸ்சேஞ்சில் இருக்கிற அம்மாவை எனக்குக் குரலில் பழக்கம், இரண்டே நிமிடத்தில் மேனேஜருக்கு இணைத்துவிடுவார். வேலை போனால் போகட்டும். அடுத்தவர் கை போனால் நீ என்ன செய்வாய்? இது மிரட்டல்தான். மிரட்டல் இல்லை என்று நினைத்துவிடாதே.

இரண்டாவது விஷயம். கிடைத்துவிட்டார்கள்! கிடைத்துவிட்டார்கள்டா!

சங்கு, இரண்டு இருமல், ஒத்தை பேஸ் என்று எழுதியதும் பட்டியல்காரர் ஒரே நாளில் பிடித்துவிட்டார். இருமலோடு ரெக்கார்டு போட்டவர்கள் அந்த நாட்டிலேயே ஒரே கோஷ்டிதானாம். இரும்பாலை இருந்த ஊர்க்காரர்கள். நாலு பேர். ஒரே ரெக்கார்டு, அதில் இரண்டே பாட்டு, முந்நூறு பிரதி. இருமலை வெட்டாததற்குக் காரணம், ஸ்டுடியோவில் மறுபடி எடுக்க நேரம் இல்லை. டிரம் அடித்தவர் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். பட்டியல்காரர் அவருக்கே போன் பண்ணியிருக்கிறார். இவ்வளவு தூரத்தில் இரண்டு பேர் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்றதும் அந்த மனிதர் எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டாராம். பிறகு மூல ரெக்கார்டிலிருந்து சுத்தமாக எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். துணியில் சுற்றியிருக்கிறேன், மகாராஜா. பருத்தி.

கோஷ்டியின் நிஜப் பெயரும் தெரிந்துவிட்டது. உனக்குச் சொல்லமாட்டேன். நம் பெயர்தான் பொருத்தமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று. நான் கேட்டுப் பார்த்தேன், நம் ஞாபகத்தில் இருப்பது போல இல்லை. வேகமாக ஓடுகிறது. ராட்சசக் குரல் என்றாயே, பாடுகிறவர் மீசை முளைக்காத பையன் மாதிரி இருக்கிறார். மொத்தப் பாட்டும் நாலு நிமிடம் நாற்பது நொடிதான். பட்டியல்காரர் இதை முன்பே சொன்னார், நான்தான் உன் கணக்கை நம்பினேன். சின்ன வயசில் எல்லாம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் போலிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

சொல்லிவிட்டேன். முதலில் ஆபரேட்டரிடம் சொன்னேன், பிறகு சூப்பர்வைசரிடம். ஆபரேட்டர் என்னிடம் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்காது என்று விட்டுவிட்டாரோ என்னவோ. என்னை மெஷின் பக்கமே வரக்கூடாது என்று ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். நட்டு, போல்ட் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டு மாதம் டைம். அதற்குள் ஆபரேஷன் செய்து, கண்ட்ரோல் ரூமில் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்தால் வேலை. இல்லையென்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

பென் டிரைவ் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டிவைத்து, முழுச் சத்தத்தில் போட்டேன். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினாராம், அடுத்த நாள்தான் தெரிந்தது.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை, அக்கா. சங்கு கேட்கவில்லை. இருமல் கேட்கவில்லை. டிரம் மட்டும் எங்கேயோ பக்கத்துத் தெருவில் மெத்தையை அடிப்பது போலக் கேட்டது. பேஸ் வரவேண்டிய இடத்தில் காலி. காது டெஸ்ட் எடுக்கிறவரிடம் காட்டினேன். அவர் என் வரைபடத்தைக் காட்டி எழுதிக் கொடுத்தார். தாழ்ந்த சுருதியில், அடிச்சத்தத்தில் ஒரு ஓரம்தான் உங்களிடம் இருக்கிறது, இந்தப் பாட்டு முழுக்க அதற்கு மேலே ஓடுகிறது, என்ன செய்தாலும் உங்களுக்குக் கேட்காது என்று.

அப்படியானால் நான் தாமதித்துவிட்டேன். உன் கேசட் இருந்திருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும். உன்னைத் திட்டியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டது, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் பாரம் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. போட்டால் அந்த ஓரமும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பேனாவை எடுத்து வைக்கிறேன். பயமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

பேனாவை மூடி வை. நான் வருகிறவரை போடாதே, கிழிக்கவும் கிழிக்காதே. செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே "ஆறு நிமிடம் பத்து நொடி, ஆறு நிமிடம் பத்து நொடி" என்று மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நீ எதை வேண்டுமானாலும் மறப்பாய், அளவை மறக்கமாட்டாய். அம்மா மருந்து டப்பாவில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னவன் நீ. நாலு நாற்பதை எப்படி ஆறு பத்து என்று எண்ணுவாய்?

பரணில் ஏறிப் பிளேயரை இறக்கினேன். பின்பக்கம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? சைக்கிள் டியூப்.

ஞாபகம் வருகிறதா? பெட்டி நம் கைக்கு வந்த அன்றைக்கே, ஒரு கேசட்டைக்கூடப் போடுவதற்குள் பிளேயரின் பெல்ட் அறுந்துபோனது. பதினாலு வயசு விஞ்ஞானி நீ, அப்பா சைக்கிளின் பழைய டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினாய். "ஓடுது பாரு!" என்று குதித்தாய். ஓடியதுதான். தடியாக, தொளதொளவென்று, வழுக்கி வழுக்கி ஓடியது. முக்கால் வேகத்தில். பதினொரு கேசட்டையும் நாம் ஒரு நாள்கூடச் சரியான வேகத்தில் கேட்டதில்லை, தம்பி. ராட்சசன் என்று நாம் நடுங்கியதெல்லாம் பத்தொன்பது வயசுப் பையன்கள். நீ டியூபைப் போட்டு அவர்களைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டாய். இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாத கோஷ்டிகளை, அவர்களுக்கே தெரியாத மாதிரி கேட்டவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

இப்போது கவனமாகப் படி. வேகம் குறைந்தால் பாட்டின் சுருதி கீழே இறங்கும். உன் காது டெஸ்ட்காரர் சொன்ன அந்த ஓரம் கீழேதானே இருக்கிறது? ஆஸ்பத்திரி காது பிரிவுக்கே போன் இணைத்துக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் இருப்பதற்கு அதுகூடப் பயன்படாவிட்டால் எப்படி? "உறுதி சொல்ல முடியாது, கேட்கலாம், கேட்காமலும் போகலாம்" என்றார் அந்த டாக்டரம்மா.

என் மகள் கம்ப்யூட்டரிலேயே வேகத்தைக் குறைத்துக் கொடுத்தாள். கேட்டேன். அது தூங்கி வழிகிற பாட்டு, நம் இருமல் இல்லை. டியூப் இழுத்து இழுத்து விடுகிற அந்த ஆட்டம் அதில் இல்லை. அதனால் எங்கள் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, பாட்டை ஒரு பழைய கேசட்டில் பதிய வைத்தேன். பழைய வளையம் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. சைக்கிள் கடையில் டியூப் வாங்கி நானே வெட்டினேன். மூன்று வளையம் வீணாய்ப் போனது. நாலாவதில் ஓடியது. ஆறு நிமிடம் ஏழு நொடி. இதைவிட நெருங்க எனக்குத் தெரியவில்லை.

காலை பதினொரு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்திரு. தட்டினால் உனக்குக் கேட்காது.

அக்கா


மே 29

அக்கா,

நீ வந்துபோன பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. மெசேஜ் அனுப்பலாம்தான். அனுப்புவதற்குள் பாதியை அழித்துவிடுவேன். தபாலில் போட்டால் திரும்ப வாங்க முடியாது.

பாட்டு எனக்குக் கேட்டதா இல்லையா என்று அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ பிளேயரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்ததும், நான் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் ஊன்றிக் காதெலும்பில் அழுத்திக்கொண்டதும், நீ பட்டனைத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. சங்கு வந்தது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, நானே கற்பனை பண்ணிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அப்புறம் இருமினார். இரண்டு தடவை. கற்பனையில் அவ்வளவு சளி வராது.

மூன்றரை நிமிடத்தில் உன் வளையம் கழன்றுகொண்டதே, அப்போது நான் உன்னை என்ன சொல்லித் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீ பின்மூடியைத் திறந்து, சக்கரத்தில் விரலை வைத்துச் சுற்ற ஆரம்பித்தாய். ஒத்தை பேஸ் முழுவதும் உன் விரலில்தான் வந்தது. ஒரு நொடி வேகமாக, ஒரு நொடி மெதுவாக. நொண்டி நொண்டி வாசிக்குமே நம் மூணுகால் குதிரை கோஷ்டி, அதுவே தேவலாம். ஆனால் பதினாறையும் எண்ணினேன். பத்தாவதில் அந்த உரசல் இருந்தது. கடைசிவரை நீ கையை எடுக்கவில்லை. விரல் நுனி சிவந்து தோல் உரிந்திருந்ததை நீ மறைத்தாய், நான் பார்த்தேன். நீ முகம் கழுவப் போனபோதுதான் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் சொன்ன தேதியிலேயே முடிந்தது, புண் ஆறிய பிறகு போன வாரம்தான் கருவியை ஓடவிட்டார்கள். டாக்டர் சொன்னதெல்லாம் சரி. உலகம் மொத்தமும் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. குழாய்த் தண்ணீர் ஆணி கொட்டுவது போல இருக்கிறது. நம் பாட்டைத் தினமும் ஒரு தடவை போடுகிறேன், பாட்டு மாதிரியே இல்லை. நேற்றுதான் இருமல் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தேன். ஸ்டோர் ரூமில் ஆபரேட்டர் வந்து, "பன்னெண்டு எம்.எம். போல்ட் நாலு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போல்ட்டை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்றுக் காலை உன் எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று தடவை போன் வந்து, யாரும் பேசாமல் வைத்தார்களே, அது நான்தான். முதல் தடவை வெறும் கிறீச் சத்தம். இரண்டாவது தடவை, "வணக்கம், யார் வேணும் உங்களுக்கு?" என்று சொல்கிறாய் என்பது புரிந்தது. குரல் உன்னுடையது மாதிரி இல்லை, தகரத்தில் செய்த அக்கா. மூன்றாவது தடவை, "யாருய்யா அது, வேற வேலை இல்லியா?" என்றாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சந்தேகமே இல்லை, நீதான். எனக்குத்தான் வாய் வரவில்லை.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி அடிப்பேன். யார் வேண்டும் என்று கேட்பாய். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் இரண்டு தடவை இருமுவேன். வைத்துவிடாதே.

தம்பி